தாமாரின் வீட்டில் நடந்தது



பள்ளி விடுமுறைக் காலம் நெருங்குகிறது. மும்பையிலும் புனேயிலும் சூரத்திலும் வாழும் நம்முடைய குடும்பங்களில் பல, ஊருக்குச் செல்லும் ரயிலில் முன்பதிவு செய்து முடித்திருக்கும். விடுப்புக் கிடைக்காத தகப்பன்மார் பிள்ளைகளை மட்டும் உறவினரோடு அனுப்பிவைப்பதுண்டு. ஊரிலிருந்து வேலை தேடி வருகிற தம்பிமாரும் மைத்துனன்மாரும் நம் வீடுகளில் வந்து தங்குவதுமுண்டு. இவையெல்லாம் நல்ல காரியங்களே. உறவு அறுந்துபோகாமல் நாம் பட்டணத்தில் பிழைத்திருப்பதே இப்படிப்பட்ட போக்குவரத்தினால்தான். ஆயினும் இதே விடுமுறைக்குப் பின்புதான் சில பிள்ளைகள் முன்போல் பேசாமல் திரும்பி வருகிறார்கள். ஏன் என்று வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை.

நம்முடைய பிரசங்க பீடங்களில் ஏறாத பொருள் இது. குடிப்பழக்கத்தைக் குறித்துப் பேசுகிறோம். கடனைக் குறித்துப் பேசுகிறோம். சினிமாவைக் குறித்துத் தேவைக்கு மேலாகவே பேசுகிறோம். குடும்பத்துக்குள் ஒரு பிள்ளைக்கு நேரிடுகிற பாலியல் கொடுமையைக் குறித்து மட்டும் வாய் திறப்பதில்லை. பிள்ளைகள் கையில் படாதபடி இந்தப் பக்கத்தை மடித்துவைக்க எண்ணும் பெற்றோர், மடிக்குமுன் ஒருமுறை முழுவதும் வாசித்துவிடுங்கள்.

எதைச் சொல்கிறேன் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. வயதில் மூத்த ஒருவர் தம்முடைய சரீர இச்சைக்காக ஒரு பிள்ளையின் உடலைத் தொடுவதும், தம்மைத் தொடச் செய்வதும், ஆபாசப் படங்களைக் காட்டுவதும், பிள்ளையை அப்படிப் படம் எடுப்பதும், அசிங்கமாகப் பேசுவதும் எல்லாம் இதற்குள் அடங்கும். 2012ஆம் ஆண்டு நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிற போக்சோ சட்டம், 18 வயது நிறையாத எவரையும் பிள்ளை என்றே கணக்கிடுகிறது. ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேறுபாடு அதில் இல்லை. இரத்த உறவினாலோ திருமண உறவினாலோ தத்தெடுப்பினாலோ பிள்ளைக்கு உறவினரானவர் இந்தக் குற்றத்தைச் செய்தால், அதனாலேயே தண்டனை கூடுகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், உறவினர் செய்யும் மிகக் கொடிய வகைக் குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 20 ஆண்டுச் சிறை. அந்நியன் செய்வதைவிட உறவினன் செய்வது பெரிய குற்றம் என்கிறது சட்டம். நம் குடும்பங்களிலோ உறவினன் என்பதற்காகவே மூடிவிடுகிறோம்.

இது எங்கோ ஒரு வீட்டில் நடப்பது அல்ல. மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் நேரில் கேட்டறிந்தார்கள். பாலியல் துன்பம் ஏதோ ஒரு வகையில் தங்களுக்கு நேர்ந்ததாகச் சொன்னவர்கள் 53.22 சதவீதம். அவர்களில் பாதிக்குச் சற்று மேலானவர்கள் ஆண்பிள்ளைகள். மகனைப் பெற்றவர்கள் இந்த ஒரு வாக்கியத்தை மறுபடியும் வாசியுங்கள். துன்புறுத்தியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பிள்ளைக்கு அறிமுகமானவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் நடந்ததை ஒருவரிடமும் சொல்லவில்லை என்பதும் அந்த ஆய்வில் பதிவாகியிருக்கிறது.

ஏன் சொல்லவில்லை? இந்தக் கேள்விக்கு வேதாகமத்திலேயே ஒரு வீடு இருக்கிறது. இரண்டாம் சாமுவேல் பதின்மூன்றாம் அதிகாரம். ஓய்வுநாள் பள்ளியில் தாவீதையும் கோலியாத்தையும் கற்பிக்கிற நாம் இந்த அதிகாரத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். பெரியவர்களுக்கான வேத பாடத்தில்கூட இதை அப்சலோமின் கலகத்துக்கு ஒரு முன்னுரையாகவே நடத்துகிறோம். தாமாரின் இடத்தில் நின்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

தாமார் சிறுபிள்ளை அல்ல, வயதுவந்த ராஜகுமாரத்தி. அம்னோன் அவளுக்கு ஒரே தகப்பனின் பிள்ளையான அண்ணன். அவனுக்கு யோசனை சொல்லிக்கொடுத்த யோனதாபும் அந்நியன் அல்ல, தாவீதின் சகோதரனுடைய குமாரன். நோயாளியைப்போல் படுத்துக்கொள்ளச் சொன்னது அவன்தான். அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். அம்னோனின் வீட்டுக்குப் போய் அவனுக்குப் பலகாரம் செய்து கொடுக்கும்படி தாமாரை அனுப்பியவர் யார்? அவளுடைய தகப்பன். தாவீது அறியாமல்தான் அனுப்பினார். ஆனால் அவள் போனதற்குக் காரணம் தகப்பனுடைய சொல். கீழ்ப்படிதலுள்ள மகளாக மாவைப் பிசைந்தாள், பணியாரம் சுட்டாள், அறைக்குள் கொண்டுபோனாள். 'பெரியவர்கள் சொல்லைத் தட்டாதே, அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடு, மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்' என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிற அதே வழியாகத்தான் அந்தத் தீங்கு வந்தது.

அவள் எதிர்த்தாள். நியாயம் எடுத்துச் சொன்னாள். அவன் பலவந்தம் செய்தபின் அவளை வெறுத்து வெளியே தள்ளிக் கதவைப் பூட்டுவித்தான். அவள் மௌனமாகப் போகவில்லை. தலையில் சாம்பலைப் போட்டு, உடுத்தியிருந்த அங்கியைக் கிழித்து, சத்தமிட்டு அழுதுகொண்டு தெருவில் போனாள். ஒரு பெண்ணால் ஊருக்கு அறிவிக்கக்கூடிய அத்தனை வழியிலும் அறிவித்தாள். அவளை வாய் மூடச் சொன்னது அப்சலோம். அவளைக் கெடுத்தவன் அல்ல, அவளை நேசித்த உடன்பிறந்த அண்ணன். உன் சகோதரன்தானே, இதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்று ஆறுதல்போலச் சொன்னான். தாவீது செய்தியைக் கேள்விப்பட்டு மிகுந்த கோபமடைந்தார். அந்தக் கோபத்துக்குப் பின் ஒரு செயலும் எழுதப்படவில்லை. நியாயாதிபதியும் அவரே, ராஜாவும் அவரே, தகப்பனும் அவரே. மூன்று நாற்காலியும் அந்த வீட்டில் வெறுமையாயிருந்தன. இரண்டு வருடம் ஒருவரும் பேசவில்லை. பின்பு ஆட்டுமயிர் கத்தரிக்கும் விருந்தில் இரத்தம் சிந்தியது. தாமாரோ அப்சலோமின் வீட்டில் பாழாய்க் கிடந்தாள் என்பதோடு அவள் கதை நின்றுவிடுகிறது.

பிரியமானவர்களே, நம் சபைக் குடும்பங்களில் யோனதாபுகள் அதிகம் இல்லை. அப்சலோம்களும் தாவீதுகளும்தான் அதிகம். நேசத்தினால் வாயடைக்கிறவர்கள், கோபப்பட்டுவிட்டு ஒன்றும் செய்யாதிருக்கிறவர்கள்.

நம்முடைய பட்டண வாழ்க்கையையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஆறு பேர் உறங்குகிற வீடுகளை நான் அறிவேன். மேலே மரப்பரண், கீழே பாய். தகப்பன் இரவு வேலைக்குப் போனால், ஊரிலிருந்து வந்த சித்தப்பா பிள்ளைகளின் பக்கத்தில் படுப்பார். அதிகாலையில் தண்ணீர் வரும் நேரத்தில் தாய் குடத்தோடு வெளியே நிற்பாள். பின்பு நான்கு வீடுகளில் பாத்திரம் கழுவப் புறப்பட்டுவிடுவாள். பள்ளி விட்டு வந்த பிள்ளை அவள் திரும்பும்வரை யாரோடு இருக்கிறது? வறுமையைக் குற்றஞ்சாட்டுவதற்காக இதை எழுதவில்லை. நான்கு படுக்கையறை உள்ள வீடுகளிலும் இதே கொடுமை பூட்டிய கதவுக்குப் பின்னால் நடக்கிறது; அங்கே பக்கத்து வீட்டுக்காரிக்குச் சத்தம் கேட்பதற்குக்கூட வழியில்லை. நம் வீட்டில் வசதி குறைவாயிருப்பதால் எச்சரிக்கை கூடுதலாயிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. இடம் எவ்வளவு சிறிதானாலும், யார் யாருக்குப் பக்கத்தில் படுப்பது என்பதைத் தாயும் தகப்பனும் உட்கார்ந்து தீர்மானிக்க முடியும். தங்கவந்தவர் ஆணாயிருந்தால், அவர் எவ்வளவு நல்லவராயிருந்தாலும், பிள்ளைகளின் வரிசையில் அவருக்குப் பாய் போடவேண்டாம். அவர் மனம் நோகுமே என்று தயங்குகிறீர்கள். நல்லவர் ஒரு பாயின் இடத்துக்காக நொந்துகொள்ளமாட்டார்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து எல்லோரும் கலைந்தபின், ஒரு சகோதரி போகாமல் நின்றார். சுருட்டிய பாயையே மறுபடியும் சுருட்டிக்கொண்டிருந்தார். என் மனைவி அருகில் போய் உட்கார்ந்த பின்புதான் பேச்சு வந்தது. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஒன்பது வயது மகள், கூடவே தங்கியிருந்த கணவனின் தம்பி. "பாஸ்டர் ஐயா, கொழுந்தனாரைக் கூப்பிட்டுப் புத்தி சொல்லுங்க. தலையில கைவச்சு ஜெபம் பண்ணுங்க. வேற யாருக்கும் தெரியவேண்டாம். தெரிஞ்சா நாளைக்குப் பிள்ளைக்குக் கலியாணம் ஆகாது" என்றார்.

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நடந்ததைச் சொல்ல வந்த தாயின் மனதில் அவளுடைய கலியாணம் முன்னால் நின்றது. அந்தத் தாயைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நாம் கற்பித்ததைத்தான் அவர் திரும்பச் சொன்னார். ஜெபம் செய்வேன், ஆனால் இதை எனக்குள் மூடிவைக்க என்னால் முடியாது என்று சொன்னேன். அன்று இரவு கணவன் வந்தார். அவர் முதலில் கேட்டது, ஊரிலுள்ள தம் தாயாருக்கு இதை எப்படிச் சொல்வது என்பதுதான். நெடுநேரம் அழுதார். அன்றிரவே அந்தத் தம்பி வேறிடத்துக்கு அனுப்பப்பட்டான். மறுநாள் காலையில் நாங்கள் காவல் நிலையத்துக்குப் போனோம். வழக்கு முடிய நான்கு ஆண்டுகள் சென்றன. ஊரில் அந்த மாமியார் இன்றுவரை பேசுவதில்லை. அந்த உறவினரில் சிலர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அந்தப் பெண்பிள்ளை பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சாட்சி எழுதுவதற்காக இதைச் சொல்லவில்லை. சரியாகாத காரியங்கள் இன்னும் உண்டு. அவளுடைய வீட்டார் அவளை நம்பினார்கள். அவ்வளவே நான் சொல்லக்கூடியது.

'எனக்குள் மூடிவைக்க முடியாது' என்று நான் சொன்னதற்கு மனச்சாட்சி மாத்திரம் காரணமல்ல. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, இப்படி ஒரு குற்றம் நடந்ததென்று அறிந்த எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுகிற எவரும், காவல்துறைக்கு அறிவிக்கவேண்டும். எவரும் என்றால் தாய், தகப்பன், அண்டைவீட்டார், ஆசிரியர், மருத்துவர், போதகர், மூப்பர், பெண்கள் ஐக்கியத் தலைவி எல்லோரும்தான். அறிந்தும் அறிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்று 21ஆம் பிரிவு சொல்கிறது. நல்லெண்ணத்தோடு அறிவித்தவர்மீது வழக்குத் தொடர முடியாது. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்ன இரகசியத்துக்கு நம் நாட்டுச் சாட்சியச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு; போதகரிடம் சொன்ன அறிக்கைக்கு அப்படிப்பட்ட பாதுகாப்பு இல்லை. உடன் ஊழியர்கள் இதை மனதில் வைக்கவேண்டும். மகாராஷ்டிராவில் விடுதி மாணவிகளுக்கு நேர்ந்த கொடுமையை அறிந்தும் அறிவிக்கவில்லை என்று ஒரு மருத்துவர்மீது தொடரப்பட்ட வழக்கை உயர் நீதிமன்றம் ரத்துசெய்திருந்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கி, இவ்வாறு அறிவிக்காதிருப்பது கடுமையான குற்றம் என்று தீர்ப்பளித்தது.

ஆகையால், சபை மூப்பர்கள் கூடிப் பேசி, குற்றவாளியை மன்னிப்புக் கேட்கவைத்து, பந்தியிலிருந்து மூன்று மாதம் விலக்கிவைத்துக் காரியத்தை முடிப்பதற்கு நமக்கு அதிகாரமே கிடையாது. சபை ஒழுங்கு நடவடிக்கை என்பது பிசகுகளுக்கு உரியது. ஒரு பிள்ளைக்கு எதிரான குற்றத்தை விசாரிக்க நாம் நியமிக்கப்படவில்லை.

இனி, ஒரு பிள்ளை உங்களிடம் சொல்லும்போது என்ன செய்வது? பிள்ளைகள் ஒழுங்கான வாக்கியத்தில் சொல்லமாட்டார்கள். 'சித்தப்பா பக்கத்துல நான் படுக்கமாட்டேன்' என்பார்கள். 'டியூஷன் அங்கிள் கெட்டவர்' என்பார்கள். காரணமில்லாமல் வயிற்றுவலி என்பார்கள். நின்றுபோன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்ப வரும். வயதுக்கு மீறிய சொற்களும் விளையாட்டுகளும் தெரியவரும். படிப்புத் திடீரென்று சரியும். இவற்றில் ஒன்றைக் கண்டவுடன் முடிவுகட்டிவிட வேண்டாம். ஓர் அடையாளமும் காட்டாத பிள்ளைகளும் உண்டு. ஆனால் சொன்னால், கேளுங்கள். கையிலிருக்கிற வேலையை வைத்துவிட்டுக் கேளுங்கள். முகத்தில் திகிலைக் காட்டவேண்டாம். தாயின் முகம் மாறினால் பிள்ளை பாதியில் நிறுத்திவிடும். 'நீ ஏன் முன்னாலேயே சொல்லவில்லை', 'நீ ஏன் அங்கே போனாய்' என்ற இரண்டு கேள்விகளும் வேண்டவே வேண்டாம். சொன்னது நல்லது, உன்மேல் ஒரு குற்றமும் இல்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது போதும். பாட்டி கேட்க ஒருமுறை, அத்தை கேட்க ஒருமுறை, போதகர் கேட்க ஒருமுறை என்று பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதிருங்கள். அந்த நபரை வரவழைத்துப் பிள்ளையின் முன் நிறுத்தி, 'இவர் முகத்தைப் பார்த்துச் சொல்' என்பது நம் ஊர்ப் பஞ்சாயத்து வழக்கம். அதைப்போல் கொடிய வழக்கம் வேறில்லை. நீதிமன்றத்திலேயே சாட்சி சொல்லும் வேளையில் குற்றஞ்சாட்டப்பட்டவர் பிள்ளையின் கண்ணில் படக்கூடாது என்று 36ஆம் பிரிவு கட்டளையிடுகிறது.

1098 என்ற இலவசத் தொலைபேசி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். 1996இல் மும்பையில் தொடங்கிய சைல்டுலைன் சேவையின் எண் இது. இப்போது அரசே அதை நடத்துகிறது. பிள்ளையே அழைத்தாலும் பேசுவார்கள். உடனடி ஆபத்து என்றால் 112. நடந்து சில மணிநேரமே ஆகியிருந்தால் பிள்ளையைக் குளிப்பாட்டவும் துணிகளைத் துவைக்கவும் வேண்டாம், முதலில் மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு உடனே இலவசமாகச் சிகிச்சை அளிக்கவேண்டும் என்பது சட்டம். பெண்பிள்ளையைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். பெற்றோர் கூட இருக்கலாம்.

காவல் நிலையம் என்றாலே நமக்குப் பயம். மொழியும் தடுமாறுகிறது. இதற்கும் சட்டத்தில் வழி உண்டு. பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போகவேண்டியதில்லை. வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் பெறலாம். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வரவேண்டும், சீருடையில் வரக்கூடாது. இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பிள்ளைக்குப் புரியாத மொழியில் பதிவு நடந்தால் மொழிபெயர்ப்பாளரைத் தரவேண்டும். இந்தியும் மராத்தியும் தெரியாமல் ஊரிலிருந்து புதிதாய் வந்த பிள்ளையும் தமிழிலேயே சொல்லலாம். வழக்கறிஞரை வைக்க வசதியில்லாவிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரைத் தரும்.

விடுமுறையோடு சேர்ந்த கேள்வி ஒன்று உண்டு. கொடுமை நடந்தது ஊரில். பிள்ளை வாய் திறந்தது மும்பைக்கு வந்தபின். எங்கே புகார் கொடுப்பது? நீங்கள் இருக்கும் இடத்திலேயே கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த இடத்தில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். அங்கே பதிவுசெய்து உரிய நிலையத்துக்கு அனுப்புவார்கள். 'அது தமிழ்நாட்டு விவகாரம், அங்கே போங்கள்' என்று ஓர் அதிகாரி சொன்னால் வீடு திரும்பிவிடாதிருங்கள்.

மிகக் கடினமான நிலை, குற்றம் செய்தவர் தகப்பனாகவே இருக்கும்போது வருகிறது. நான் பார்த்தவரையில் தாய்மார் மௌனமாயிருப்பதற்கு மானம் மாத்திரம் காரணமல்ல, வாடகை காரணம். அவர் சிறைக்குப் போனால் மாதம் பிறந்ததும் வீட்டுக்காரருக்கு யார் கொடுப்பது, பள்ளிக் கட்டணம் எங்கிருந்து வரும், ஊருக்குத் திரும்பினால் யார் சேர்ப்பார்கள் என்ற கணக்கை அவள் இரவெல்லாம் போடுகிறாள். அவளிடம் விசுவாசமாயிருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விட்டால், அவள் மௌனத்துக்கு நாமும் உடந்தை. சபைக்குப் புதிய ஒலிபெருக்கி வாங்கக் காணிக்கை எடுக்கத் தெரிந்த நமக்கு, ஒரு தாய்க்கு ஆறு மாத வாடகையும் அரிசியும் கொடுக்க வழி தெரியாதா? ஒரு சகோதரி அவளோடு நீதிமன்றத்துக்குப் போய்வர ஒருநாள் கூலியை இழக்கவேண்டியிருக்கும். அந்தக் கூலியைச் சபை கொடுக்கட்டும். எதற்காகக் கொடுக்கிறோம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதவேண்டாம். பிள்ளையின் அடையாளத்தை வெளிப்படுத்துவது சட்டப்படியும் குற்றம். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் வாட்ஸப் குழுவில் போடுவதும் வெளிப்படுத்துவதே.

மன்னிப்பைக் குறித்து ஒரு வார்த்தை. கெடுத்தவன் கண்ணீர்விட்டு முழங்கால்படியிட்டான், ஆகையால் பிள்ளை மன்னிக்கவேண்டும், பழையபடி ஒரே வீட்டில் இருக்கவேண்டும் என்று வற்புறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மன்னிப்பு என்பது பாதிக்கப்பட்டவர் கொடுப்பது. மற்றவர்கள் அவர் கையிலிருந்து பிடுங்கிக் கொடுக்கக்கூடியதல்ல. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அதைக் கேட்பது இரண்டாம் பலவந்தம். உண்மையாய் மனந்திரும்பினவன் செய்ததை ஒப்புக்கொண்டு சட்டத்துக்குக் கீழ்ப்படிவான். பிள்ளை இருக்கும் வீட்டுக்கும் சபைக்கும் வராமல் தானே விலகிக்கொள்வான். சகேயு அபகரித்ததை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்த முன்வந்தான். திரும்பச் செலுத்தவே முடியாததை எடுத்தவன், விலகி நிற்பதையாவது செய்யட்டும். ஊழியக்காரருக்கும் இதில் விலக்கு இல்லை. வீட்டில் தங்கவரும் சுவிசேஷகரானாலும், ஓய்வுநாள் பள்ளி நடத்தும் வாலிபனானாலும், ஒரு பிள்ளையோடு தனி அறையில் இருக்கவேண்டிய அவசியம் இல்லை.

பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுப்பது எப்படி என்று தாய்மார் கேட்கிறார்கள். கண், காது, கை என்று பெயர் கற்பிக்கிறபோதே மற்ற உறுப்புகளுக்கும் பெயர் சொல்லிக்கொடுங்கள். பெயரில்லாத உறுப்பில் நடந்ததைப் பிள்ளை எப்படிச் சொல்லும்? குளிப்பாட்டும்போதும் மருத்துவரிடம் அம்மா கூட இருக்கும்போதும் தவிர, அங்கே யாரும் தொடக்கூடாது, தொட்டால் அம்மாவிடம் சொல் என்பது நான்கு வயதில் சொல்லக்கூடிய பாடம். வேண்டாம் என்கிற பிள்ளையை மாமாவின் மடியில் பலவந்தமாய் உட்காரவைத்து முத்தம் கொடுக்கச் சொல்லவேண்டாம். கையெடுத்து ஸ்தோத்திரம் சொன்னால் மரியாதை வந்துவிட்டது. 'இது நமக்குள் இரகசியம்' என்று பெரியவர் யார் சொன்னாலும், அதை அம்மாவிடம் சொல்லலாம் என்று பழக்குங்கள். கெடுக்க நினைப்பவர் முதல் நாளே கெடுப்பதில்லை. மிட்டாய், செல்பேசி விளையாட்டு, நூறு ரூபாய் நோட்டு, தகப்பன் அடிக்கும்போது தடுத்துக் காப்பாற்றுவது என்று பிள்ளையின் நம்பிக்கையைச் சம்பாதிக்கிறார். அந்த இரகசியங்கள் சிறியவையாயிருக்கும்போதே வெளியே வந்துவிட வேண்டும்.

கடைசியாகச் சொன்னதைச் சற்று நின்று பாருங்கள். தகப்பன் அடிக்கும் வீட்டில்தான் அவருக்கு வேலை எளிதாகிறது. அடியாத மாடு படியாது என்ற பழமொழியோடு நீதிமொழிகளின் பிரம்பையும் சேர்த்துக் கையில் வைத்திருக்கிறோம். நான் முன்பு சொன்ன 2007ஆம் ஆண்டு ஆய்வில், மூன்றில் இரண்டு பிள்ளைகள் அடிபடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். டம்ளரை உடைத்ததற்கு அடி, உண்மையைச் சொன்னாலும் அடி என்று கற்றுக்கொண்ட பிள்ளை, இவ்வளவு பெரிய காரியத்தை எந்தத் தைரியத்தில் வந்து சொல்லும்? கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் பிள்ளை ஒரு தவறைத் தானாக வந்து ஒப்புக்கொண்ட நாள் எது என்று நினைத்துப் பாருங்கள். அப்படி ஒரு நாள் நினைவுக்கு வராவிட்டால், பிரம்பைக் குறித்து மறுபடியும் யோசியுங்கள்.

இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களில் சிலர் பிள்ளைகள் அல்ல. முப்பது, நாற்பது வயதைக் கடந்தவர்கள். உங்களுக்கு நடந்ததை இதுவரை ஒருவரிடமும் சொல்லாதவர்கள். கணவனுக்கோ மனைவிக்கோகூடத் தெரியாது. அன்று நீங்கள் பிள்ளை, குற்றம் உங்களுடையதல்ல. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களுக்குப் புகார் கொடுக்கக் காலவரம்பு இல்லை. ஆனால் புகார் கொடுத்தே ஆகவேண்டும் என்று உங்களை ஒருவரும் துரத்தவேண்டாம். அந்த மனிதர் இப்போது வேறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இருக்கிறாரா என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள். இருந்தால், அந்தப் பிள்ளைகளைக் காக்க வேறு யாருக்கும் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும்.

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களுக்கு வழக்கம்போல் பதில் எழுதுவேன். பெயரோ ஊரோ அச்சிடப்படமாட்டாது. ஆனால் இப்போது ஒரு பிள்ளை ஆபத்தில் இருக்குமானால் எனக்குக் கடிதம் எழுதி அடுத்த இதழுக்காகக் காத்திருக்க வேண்டாம். 1098ஐ அழைத்துவிட்டு, பின்பு எழுதுங்கள்.